பராசக்தியில் நாம் காண மறந்த போர்

1952 ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், அக்டோபர் 17 ஆம் நாள் வெளிவந்த ‘பராசக்தி’ என்னும் திரைப்படத்தைப் பற்றித் தமிழர்க்கு அறிமுகம் கூறுதல் வேண்டா. கிருஷ்ணன் – பஞ்சு இரட்டையர் இயக்கியது; மு. கருணாநிதி திரைக்கதையும் உரையாடலும் வரைந்தது. சிவாஜி கணேசனை வெள்ளித்திரைக்குத் தந்தது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவி எழுந்தது. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியாரும் ஏவி. மெய்யப்பரும் கூடி எடுத்தது. இத்துணைச் செய்தியும் நம் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். யாம் சொல்லவந்தது பிறிதொன்று. இப்படத்தை எழுபது ஆண்டுகட்கு மேலாகப் புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும், இரு சாராரும் சேர்ந்து, இதன் முதற்பாதியைத் தொலைத்துவிட்டனர் என்பதே எம் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டு எழுந்த இடத்தை முதலில் கூறிவிடுகின்றோம். சில ஆண்டுகட்கு முன்னர், இப்படத்தின் எழுபதாம் ஆண்டினை ஒட்டி, நம் நகரில் ஓர் அமைப்பினர் விழா எடுத்தனர். அழைப்பிதழில் ‘திரையிடல்’ என்று அச்சிட்டிருந்தமையால், அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆரியசாலையிலிருந்து நடந்தே சென்றோம். மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்ட படத்தில் இருபது நிமிடமே காட்டினார்கள். நீதிமன்றக் காட்சி; கோயிற் காட்சி; மீண்டும் நீதிமன்றக் காட்சி. கைதட்டல் ஓயவில்லை. விழா முடிந்தபின், ரங்கூன் காட்சிகள் எங்கே என்று பொறுப்பாளரிடம் வினவினோம். அவர் நல்லவர், எமக்கு நெடுநாள் பழக்கமும் உடையவர். “அது கதைக்கு வேண்டாத பகுதி ஐயா, அண்ணன் தம்பி பிரிய வேண்டுமே, அதற்காக வைத்தது” என்றார்.

வேண்டாத பகுதி! கோப்பின் முதற் பக்கத்தைக் கிழித்துவிட்டு இறுதிக் குறிப்பை மட்டும் படிப்பவனை எம் அலுவலகத்தில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்பதை இம்மலரில் எழுதுதல் தகாது.

அப்பகுதியை நினைவிலிருந்து சொல்லுவோம். மதுரையில் மாணிக்கம் பிள்ளை என்னும் முதியவர். அவர் மகள் கல்யாணி. மைந்தர் மூவர் சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் ஆகியோர் பர்மாவில், ரங்கூனில். தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகின்றது. மூவரும் புறப்பட எண்ணுகின்றனர். போர்க்காலம், கப்பலில் கிடைப்பதோ ஒரே ஒரு பயணச் சீட்டு. இளையவன் ஏறுகின்றான். அந்தக் கப்பலும் போரச்சத்தால் காலத்தே கரை சேரவில்லை. தமையன் ஒருவனும் இன்றித் திருமணம் நிகழ்கின்றது. மகப்பேற்று நாளிலே கணவன் தங்கப்பன் விபத்தில் மாய்கின்றான். அது கேட்ட தந்தையும் உயிர் விடுகின்றார். வீடு ஏலத்திற்குப் போகின்றது. கைக்குழந்தையோடு கல்யாணி இட்டலி விற்று வயிறு வளர்க்கின்றாள். அங்கே ரங்கூனில் குண்டு விழுகின்றது. மூத்தவர் இருவரும் கால்நடையாகப் புறப்படுகின்றனர். ஒருவர் மனைவியோடு வந்து சேர்ந்து திருச்சியில் நீதிபதியாகின்றார். மற்றொருவர் வழியிற் பிரிந்து, காலொன்றை இழந்து, இரவலராகத் தாயகம் சேர்கின்றார்.

இதுதான் ‘வேண்டாத பகுதி’. இதனை நீக்கிவிட்டுப் பாருங்கள். எஞ்சி நிற்பது என்ன? ஒரு பெண் தெருவில் நிற்கின்றாள். ஏன் நின்றாள் என்பதற்கு விடையில்லை. அவள் தமையன்மார் ஏன் வரவில்லை என்பதற்கு விடையில்லை. பகை நாட்டுக் குண்டொன்று மதுரைத் தெருவில் விழாமலே ஒரு மதுரைக் குடும்பத்தைச் சிதைத்த வரலாறு, வெறும் நாவன்மைப் போட்டியாகச் சுருங்கிவிடுகின்றது.

இதில் கற்பனை எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று வினவுவார்க்குச் சிலவற்றை எடுத்துக்காட்டுதல் நம் கடமை. 1931 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் ஏறத்தாழப் பத்து இலட்சம். ரங்கூன் நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. செட்டிநாட்டார் கொடுக்கல் வாங்கலும், தஞ்சை, இராமநாதபுர மாவட்டத்தார் கூலி உழைப்பும், ஐராவதி வடிநிலத்தின் நெல்வயல்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த காலம் அது. 1941 டிசம்பர் 23 ஆம் நாள் ரங்கூன்மீது சப்பானியரின் முதற் குண்டுகள் வீழ்ந்தன. கிறிஸ்துமஸ் நாளில் மீண்டும் வீழ்ந்தன. 1942 மார்ச் 8 ஆம் நாள் நகரம் சப்பானியர் கைக்குப் போயிற்று. இடைப்பட்ட பதினோரு வாரங்களிலும் அதனை அடுத்த மாதங்களிலும் நாலைந்து இலட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினர். கப்பலிலும் வானூர்தியிலும் இடம் பெற்றோர் சிலர். ஏனையோர்க்குக் கால்களே துணை.

வழிகள் மூன்று. புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தாங்குப், அக்யாப் வழியே சிட்டகாங்கிற்கு ஒன்று. மாண்டலே, கலேவா, தாமு வழியே மணிப்பூரின் இம்பாலுக்கும் அங்கிருந்து திமாப்பூர்ப் புகைவண்டி நிலையத்திற்கும் மற்றொன்று. வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கின் சேற்றில் நடந்து அசாமின் லீடோவிற்குப் பிறிதொன்று. இது மூன்றனுள்ளும் கொடியது. காலராவும் மலேரியாவும் சீதபேதியும் வழிநெடுகக் காத்திருந்தன. மழைக்காலம் தொடங்கியபின் சென்றோர் நிலை சொல்லுந்தரமன்று. மாண்டோர் பதினாயிரக்கணக்கினர், எண்ணி முடித்தவர் இலர். வெள்ளையர்க்கு நல்ல வழியும் தங்குமிடமும், கறுப்பர்க்கு வேறு வழியும் என ஆட்சியாளர் பாகுபாடு செய்தனர் என்னும் முறையீடு அக்காலத்திலேயே வலுவாக எழுந்தது.

அவ்வழியில் நடந்து வந்தவருள் ஒருவர் அறிஞர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் ‘ஜோதி’ என்னும் திங்களிதழை நடத்தியவர். துணைவியாரோடு நடந்து வந்து, அப்பயணத்தைத் தனி நூலாகவே எழுதி வைத்தவர். பிளாட்டோவையும் ரூசோவையும் தமிழிற் படிக்கச் சர்மாவை நாடும் நம் பெருமக்களுள், அவருடைய பர்மா வழிநடை நூலைக் கையில் எடுத்தோர் எத்துணைப் பேர் என்று கேட்கத் தோன்றுகின்றது. கேட்டு என்ன பயன்? ப. சிங்காரம் தென்கிழக்காசியப் போரைக் களமாக வைத்து ‘புயலிலே ஒரு தோணி’யை 1972 இல் வெளியிட்டபோதும் நாம் அசையவில்லை. அந்நாவலாசிரியர் மதுரையில் செய்தித்தாள் அலுவலகத்தில் பணிபுரிந்து, தனிமையில் வாழ்ந்து, 1997 இல் மறைந்தார். பெருமை பின்னரே பெருகியது.

‘போர் என்றால் பர்மாவும் மலேயாவும், ஈண்டுத் திருவனந்தபுரத்தாராகிய நமக்கு அதில் என்ன?’ என்பாரும் உளர். அவர்கள் சாலைக் கடைத்தெருவின் வரலாற்றை அறியாதவர்கள். திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோற்றுவித்த அங்காடி அது; தமிழ் வணிகர் குடியேறி, அவர்தம் தராசும் கணக்கேடும் மொழியும் நிலைத்த இடம் அது. அவ்வங்காடியின் உயிர்நாடி அரிசி. திருவிதாங்கூரோ தனக்கு வேண்டிய நெல்லிற் பாதியையும் விளைவிக்காத நாடு. தென்னையும் மிளகும் இரப்பரும் விற்று அரிசி வாங்கி உண்ட நாடு. அவ்வரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. ரங்கூன் வீழ்ந்த அன்றே நம் அடுப்பும் அணைந்தது. அதற்குமுன் அறுபது இலட்சம் மக்களுக்கும் ரங்கூன் ஓர் ஊர்ப்பெயர். 1942 க்குப் பின் அது ஓர் இல்லாமையின் பெயராயிற்று. பங்கீட்டுக் கடைகள் வந்தன, வரிசைகள் வந்தன, கள்ளச்சந்தை வந்தது. குட்டநாட்டிற் காயலை அடைத்து நெல் விளைவிக்க முனைந்தனர். எளியோர் மரச்சீனிக் கிழங்கை உண்டு உயிர் தரித்தனர். அரைவயிற்றுக்கு அக்கிழங்கும் கிடையாத கடற்கரையூர்களில் காலரா புகுந்தது.

எம் ஆச்சி நாஞ்சில் நாட்டில் பிறந்து, ஆரியசாலையில் ஒரு குறுகிய வீட்டிற்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலுக்கு எழுந்தருளும்போது, ‘நம்ம ஊரு சாமி வந்தாச்சு’ என்று தெருவெல்லாம் சொல்லி நடப்பவர். அச்சாமி நாஞ்சில் நாட்டிலிருந்து நடந்தே வருகின்றார் என்பதில் அவருக்கொரு பெருமிதம். அவருடைய மூத்த தமையனார் ரங்கூனில் ஒரு கடையிற் கணக்கப்பிள்ளை. மாதந்தோறும் மணியார்டர் வரும். 1941 நவம்பரில் வந்தது, டிசம்பரில் வந்தது, பின்னர் வரவில்லை. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஆச்சி பேசும்போது அதனைப் போர் என்று சொல்லுவதில்லை. “கப்பல் நின்னு போச்சு மக்களே” என்பார். அவ்வளவே. தமையன் வராததும் அரிசி வராததும் அவருக்கு இரண்டு செய்திகளல்ல. இரண்டும் ஒரே கப்பலில் வரவேண்டியவை, வரவில்லை.

அவர் ‘பராசக்தி’யை நாகர்கோவிலில் கொட்டகையில் பார்த்தவர். ஊரெல்லாம் நீதிமன்றக் காட்சியில் ஆர்ப்பரித்தபோது தமக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லுவார். அவர் அழத் தொடங்கியது படம் ஆரம்பித்துச் சற்று நேரத்திலேயே. ஒரு பயணச் சீட்டுதான் உண்டு என்று சொல்லும் இடத்திலே. அருகில் இருந்தவர்கள், ‘இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே, இந்த அம்மாள் ஏன் அழுகிறாள்’ என்று திரும்பிப் பார்த்தார்களாம். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

எம் பொறுப்பாள நண்பர் வேண்டாத பகுதி என்றாரே, அது யாருக்கு வேண்டாத பகுதி என்பதை இனி அவரே சொல்லட்டும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது: ‘பராசக்தி சமுதாயச் சீர்திருத்தப் படம், போர்ப் படமன்று. போர் அதில் ஒரு சாக்கு.’ இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு என்பதை மறுக்கமாட்டோம். படத்தின் சினம் சப்பானியர்மீது பாய்வதில்லை, ஆங்கிலேயர்மீதும் பாய்வதில்லை. பதுக்கல்காரன்மீதும், காமுகன்மீதும், கோயிலைத் தன் வேட்டைக்களமாக்கிக்கொண்ட பூசாரிமீதும், இல்லையென்று கதவடைக்கும் செல்வர்மீதும் பாய்கின்றது. ஆயினும் இதுவன்றோ போர்க்கால வாழ்வின் உண்மை? குண்டு விழுந்தது ரங்கூனில். கல்யாணியை வீழ்த்தியவர் எவரும் ரங்கூனில் இல்லை; எல்லாரும் அடுத்த தெருவில் இருந்தனர். போர் செய்தது ஒன்றே: அவளுக்கும் அவர்களுக்கும் இடையே நின்ற மூன்று தமையன்மாரை அகற்றியது. காவல் நீங்கியதும் ஊர் தன் உருவத்தைக் காட்டியது. கள்ளச்சந்தைக்காரன் ஒருவனை அவளைத் துன்புறுத்துவோர் வரிசையில் நிறுத்தியது தற்செயலா? பஞ்சகாலத்து அரிசியைப் பதுக்குபவனும் ஆதரவற்ற பெண்ணின்மேல் கை வைப்பவனும் ஒருவனாகவே இருந்தான் என்பது அக்கால மக்களுக்கு உரை வேண்டாத செய்தி. போரை நீக்கிவிட்டால் இவன் வெறும் நாடக வில்லன். போரோடு சேர்த்துப் பார்த்தால் இவன் 1943 ஆம் ஆண்டின் ஆவணம்.

இன்னும் ஒன்று. பசியோடு வந்த தங்கையை, தங்கை என்று அறியாமலே தன் மாளிகை வாயிலிலிருந்து விரட்டுகின்றான் மூத்த தமையன் சந்திரசேகரன். அவனும் பர்மாவிலிருந்து நடந்து வந்த அகதியே! அகதியாய் வந்தவனே வந்த அகதியை விரட்டுகின்றான். நீதிமன்றச் சொற்பொழிவைவிட எமக்கு இது கூரியதாய்ப் படுகின்றது. ஆனால் ரங்கூனை வெட்டிவிட்டால் அவன் வெறும் பணக்காரன். அக்காட்சி வெறும் பணக்காரத் திமிர்.

படத்தை யாம் குறையற்றதென்று சாதிக்க வரவில்லை. பல இலட்சவர் நடந்த அந்த நெடுவழியைச் சில நிமிடங்களில் தாண்டிவிட்டது பெருங்குறை. அந்தக் காடும் மலையும் திரையில் விரிந்திருக்குமாயின், சந்திரசேகரன் அத்துணை விரைவில் நீதிபதி ஆசனத்தில் அமர்வது எவருக்கும் உறுத்தியிருக்கும். ஞானசேகரன் இழந்த கால், இரவலர் சங்கத்தின் வேடிக்கைப் பேச்சுகளுக்கிடையே மறக்கப்படுகின்றது. உரையாடலின் வெள்ளம் சில இடங்களில் காட்சியை மூழ்கடிக்கின்றது. அடுக்குமொழி கேட்கும் செவிக்கு மௌனம் கேட்பதில்லை. இவற்றையெல்லாம் எடுத்துச்சொல்வது விமர்சனம். நாம் செய்ததோ விமர்சனமும் அன்று, பாராட்டும் அன்று. ஒரு சாரார் படத்தைத் தடைசெய்யவேண்டும் என்று முழங்கினர். மற்றொரு சாரார் அவ்வுரையாடலை மனப்பாடம் செய்து மேடைதோறும் முழங்கினர். இரு முழக்கமும் நீதிமன்றத்தையும் கோயிலையும் சுற்றியே நின்றன. அன்று தடை கேட்டவர்களும் இன்று விழா எடுப்பவர்களும் ஒரே இருபது நிமிடத்தைத்தான் பார்த்திருக்கின்றனர், என்ன ஒற்றுமை!

இதனோடு ஒப்பிட இரண்டு படங்களைச் சொல்லலாம். இரண்டும் 1945 ஆம் ஆண்டின. கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’ ஒன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’ மற்றொன்று. அரசு கச்சாச் சுருளை அளந்து கொடுத்த காலத்தில், போர் முயற்சிக்குத் துணைசெய்ய எழுந்த படங்கள் இவை. இவற்றில் போர் வீரச்செயல்; ஒற்றர் விளையாட்டு; பகைவனை வெல்லும் சாகசம். ‘பராசக்தி’யிலோ கதைமாந்தருள் போர்வீரன் ஒருவனும் இல்லை. ஆட்சியாளரின் ஆணையின்றி, போர் ஓய்ந்து ஏழாண்டு கழித்து, போரில் வாளெடுக்காத குடும்பம் ஒன்று என்ன ஆயிற்று என்று தமிழில் திரும்பிப் பார்த்த படம் அது. அந்தத் தனிச்சிறப்புக்காகவேனும் அதன் முதற் சுருளை மதிக்கவேண்டாவா?

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்தனர் என்று பாருங்கள். ஜெர்மனியில் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் என்பார் 1930 இல், ஒலிப்படம் தோன்றிய புதிதிலேயே, முதல் உலகப் போரைப் பற்றி ‘வெஸ்ட்ஃபிரண்ட் 1918’ என்றொரு படம் எடுத்தார். பதுங்குகுழிக் காட்சிகளுக்காகப் புகழப்பெற்ற படம். ஆயின் நெஞ்சைவிட்டு அகலாதது வேறோர் இடம். விடுப்பில் ஊர் திரும்புகின்றான் வீரன். அவன் தாய் உணவுக்கான வரிசையில் நிற்கின்றாள். மகன் வருவதைக் காண்கின்றாள். வரிசையை விட்டு வெளியே வர இயலவில்லை. வந்தால் இடம் போய்விடும். இடம் போனால் உணவு போய்விடும். வீட்டிற்குள் அவன் மனைவியோ, வயிற்றுக்காக இறைச்சிக்கடை இளைஞன் ஒருவனோடு இருக்கின்றாள். அதைச் சொல்ல அப்படத்துக்கு நீண்ட வசனம் தேவைப்படவில்லை. 1933 இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அப்படத்தைத் தடைசெய்தனர். போரின் புகழைப் பாடும் படத்தை எந்த அரசும் தடைசெய்வதில்லை. வரிசையில் நிற்கும் தாயைக் காட்டும் படம்தான் அவர்களை உறுத்துகின்றது. சாலைத் தெருவின் பங்கீட்டுக் கடைமுன் 1943 இல் நின்ற தாய்மாருள் எத்துணைப் பேர் இந்த ஜெர்மானியத் தாயின் உடன்பிறப்புகள்!

கடல் கடந்து செல்லவும் வேண்டா. வங்காளியரைப் பாருங்கள். 1943 ஆம் ஆண்டுப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரை உண்டது. ஜைனுல் ஆபிதீன் அப்போதே தெருவில் விழுந்து கிடந்தோரை மையால் வரைந்தார். பிஜன் பட்டாச்சாரியா 1944 இல் ‘நவான்னா’ என்னும் நாடகத்தை மேடையேற்றினார். கே. ஏ. அப்பாஸ் 1946 இல் ‘தர்த்தி கே லால்’ எடுத்தார். விபூதிபூஷணின் நாவலைச் சத்யஜித் ராய் 1973 இல் ‘அசனி சங்கேத்’ என்று படமாக்கினார். மிருணாள் சென் 1980 இல், பஞ்சத்தைப் படமெடுக்கச் செல்லும் குழுவைப் பற்றியே ஒரு படம் எடுத்தார். நாற்பதாண்டுக் காலம் ஒரு துயரத்தை அவர்கள் கைவிடவில்லை. தமிழரோ பர்மாவில் அப்பத்து இலட்சவருள் ஒரு பங்கினராக இருந்தும், அவ்வழியில் நடந்தும், அரிசியின்றி வாடியும், ஒரே ஒரு படத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக அதனைச் சொன்னோம். பின் அந்த நேரத்தையும் வெட்டி எறிந்தோம். 1964 இல் பர்மிய அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபின் தமிழர் இரண்டாம் முறையாகக் கையில் ஒன்றுமின்றித் திரும்பினர். மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் சிற்றூரில் தங்கிவிட்டோரும் உளர். சென்னையில் பர்மா பஜார் என்று அங்காடி ஒன்று எழுந்தது. அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவு தெருவோரத்திற்கு வந்தது. நாம் அதனைச் சுவைத்துச் சாப்பிடுகின்றோம். அதற்குமேல் வினவுவதில்லை.

இரண்டாம் எதிர்வாதம் நம் சங்கத்துப் புலவர் பெருமக்களிடமிருந்து வரும் என்பதை அறிவோம். ‘இலக்கிய மலரில் திரைப்படத்திற்கு என்ன வேலை?’ அவர்களுக்கு அவர்கள் ஏட்டிலிருந்தே விடை தருவோம். தொல்காப்பியர் புறத்திணையில் வெட்சி முதலாகப் போரின் துறைகளை வகுத்தவர், காஞ்சியில் தாபத நிலையையும் வைத்தார். கணவனை இழந்தாள் நோன்பிருக்கும் நிலை அது. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தனார் பாடிய பாட்டொன்று உண்டு. இளமையில் தழையாடையாய்ப் பயன்பட்ட சிறுவெள்ளாம்பல், கணவன் மாய்ந்தபின் பொழுது மறுத்து உண்ணும் புல்லரிசியாய்ப் பயன்படுவதை ஒருத்தி எண்ணி இரங்குவது அதன் பொருள். அல்லியரிசி! போரின் முடிவை முரசிலும் வேலிலும் காணாமல் ஒரு பெண்ணின் உணவில் கண்டவர் அப்புலவர். அவர்க்கு இரண்டாயிரம் ஆண்டு பின்வந்த கல்யாணியின் இட்டலித் தட்டில் அந்த அல்லியரிசி இல்லையென்று எவர் சொல்லவல்லார்?

ஆனால் நம் மேடைகளில் எப்பாட்டு முழங்குகின்றது? ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தந்தையும் கணவனும் களத்தில் மடிந்தபின், ஒரே மகனையும் தலைவாரிக் கையில் வேல் கொடுத்து அனுப்புகின்றாளே, அந்த மூதின் மகளைப் பற்றியது. அப்பாட்டின் பெருமையில் எமக்கு ஐயமில்லை. அதனை ஆண்டுக்கு நாற்பது மேடைகளில் கேட்டிருக்கின்றோம். மாசாத்தனாரின் அல்லியரிசிப் பாட்டை ஒரு மேடையிலும் கேட்டதில்லை. புறநானூற்றிலும் நாம் நீதிமன்றக் காட்சியை மட்டுமே திரையிடுகின்றோம்.

கைதட்டலுக்கு உரியது எதுவோ அதுவே வரலாறு என்னும் மயக்கம் நம்மைப் பற்றியிருக்கின்றது. ஒரு சீட்டுக்கு மூவர் நிற்பதும், மணியார்டர் நின்றுபோவதும், விடியுமுன் எழுந்து ஒருத்தி மாவு கரைப்பதும் கைதட்டலுக்கு உரியனவல்ல. அங்கே அவையோர் என்ன செய்வது? மௌனமாய் இருக்கவேண்டும். மேடைத் தமிழுக்கு மௌனம் பகை. ஆகவே அவை வெட்டப்படுகின்றன. இதில் கட்சி வேறுபாடு இல்லை. சமய வேறுபாடும் இல்லை.

இன்னொரு கேடும் உண்டு. அவ்வழி நடந்தவர்களும், இந்நகரின் பங்கீட்டு வரிசையில் நின்றவர்களும் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்டனர். எம் ஆச்சியும் இல்லை. அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அவர் மறைந்தபின் திறந்தோம். ரவிக்கைத் துணியில் சுற்றிய மணியார்டர் துண்டுகள் பதினேழு. பணத்தோடு வரும் அந்தச் சிறு துண்டில் இரண்டொரு வரி எழுதுவார்களே, அவை. எல்லாம் பெரும்பாலும் ஒன்றே: நலம், நலமறிய ஆவல், அம்மாவுக்கு மருந்து வாங்கவும். கடைசித் துண்டில் மட்டும், மாசியில் வருவதாக எழுதியிருந்தார். அந்த மாசியில், 1942 இல், ரங்கூன் வீழ்ந்தது. இத்துண்டுகளை எந்த ஆவணக் காப்பகமும் எம்மிடம் கேட்டதில்லை. கேட்கும் என்னும் எண்ணமும் இல்லை. கோப்புகளைக் கட்டி எண்ணிட்டு வைப்பதையே பிழைப்பாக உடைய எமக்கு, அவற்றை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்பது இன்றளவும் விளங்கவில்லை. ‘போர்’ என்று எழுதினால் ஆச்சி ஒப்பமாட்டார். ‘குடும்பம்’ என்று எழுதினால் வரலாற்றாசிரியர் ஒப்பமாட்டார்.

பராசக்தியின் முதற் சுருள் இவ்விரு தலைப்பும் ஒன்றே என்று சொல்லத் துணிந்தது. அதற்காகவே இத்துணை வழக்காடுகின்றோம்.

வரும் ஆண்டுவிழாவில் அப்படத்தை முதற் காட்சியிலிருந்து இறுதிக் காட்சி வரை, இடையில் உரையோ பொன்னாடையோ இன்றித் திரையிடவேண்டும் என்று நம் சங்கச் செயற்குழுவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்துள்ளோம். மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். கடைசிப் பேருந்து போய்விடும் என்று செயலாளர் அஞ்சுகின்றார். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குள் முடித்துவிடலாம். நாற்காலி போடும் பணிக்கு எம்மைச் சேர்த்துக்கொள்க.